கேழ்வரகு நிலத்தில் தைல மரம்

கோலார் தங்க வயலைச் சேர்ந்த சாம்பியன் ரீப்ஸ், உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றினால் பெயர் பெற்ற ஊராகும். நிலமட்டத்திலிருந்து 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை அங்குப் பாறையைக் குடைந்து தங்கம் எடுக்கப்பட்டது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி மாத இறுதியில் சுரங்கம் மூடப்பட்டது. தங்கம் பிரித்தெடுத்த பின் எஞ்சிய மண் மலைபோல் குவிந்த மேடுகள் இன்றும் ஊரைச் சூழ்ந்து நிற்கின்றன. அம்மேடுகளைத் தாண்டியவுடன் வேறோர் உலகம் தொடங்குகிறது. அது கேழ்வரகும் அவரையும் ஏரியும் ஆட்டு மந்தையும் கொண்ட குடியானவர்களின் உலகம்.

இவ்விரு உலகங்களும் ஒன்றையொன்று சார்ந்தே வாழ்ந்து வந்தன. தமிழ் மாவட்டங்களிலிருந்து சுரங்க வேலைக்கு வந்து குடியேறிய மக்களின் களிக்கு வேண்டிய கேழ்வரகைச் சுற்றுக் கிராமங்கள் விளைவித்தன. பாலாற்றின் குறுக்கே அமைந்த பேத்தமங்கலம் ஏரியிலிருந்து சுரங்க நகருக்குக் குடிநீர் கொண்டு வரப்பட்டது. கிராமத்து நிலத்தில் எது பயிரிடப்படுகிறது, அந்நிலம் எவ்வளவு நீரை ஏரிக்கு விட்டுக்கொடுக்கிறது என்னும் வினாக்கள், ஆகவே, உழவரை மட்டுமன்றி நகர மக்களையும் தொடுவனவாகும்.

கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் கோலார் மாவட்டத்தின் கேழ்வரகு நிலங்களில் பெரும்பரப்பு தைல மரத் தோப்பாக மாறியது. யூகலிப்டஸ் என்றும் நீலகிரி மரம் என்றும் வழங்கும் இம்மரம் உணவுக்கோ தீவனத்துக்கோ நடப்பட்டதன்று. தொலைவிலுள்ள காகித ஆலைக்கும் செயற்கை இழை ஆலைக்கும், நகரங்களின் கட்டடக் கழிகளுக்குமாகவே நடப்பட்டது. ஆலைக்கான ஒற்றைப் பயிர் சிறு உழவர் வட்டாரம் ஒன்றில் பரவும்போது என்னென்ன மாறுதல்கள் நிகழும் என்பதற்குக் கோலாரின் அனுபவம் தெளிவான சான்றாகும். இப்பொழுது பல மாநிலங்களில் எண்ணெய்ப் பனைச் சாகுபடி விரிவாக்கப்பட்டு வருவதால், இவ்வனுபவத்தை நுணுகி நோக்குதல் பயனுடையது.

நிலமும் பழைய பயிர்முறையும்

கோலார் பீடபூமியில் ஆண்டுக்குச் சராசரியாக 700 முதல் 750 மில்லிமீட்டர் வரை, அதாவது 28 முதல் 30 அங்குலம் வரை மழை பெய்கிறது. இதில் பெரும்பகுதி ஜூன் மாதத்துக்கும் நவம்பர் மாதத்துக்கும் இடையே பெய்துவிடும். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. செம்மண்ணுக்குக் கீழே சிதைந்த பாறையும், அதற்கும் கீழே வெடிப்புகள் உள்ள கடும்பாறையும் காணப்படுகின்றன. மழைநீர் தங்கக்கூடிய இடம் இச்சிதைந்த பாறை அடுக்கும் அதன் கீழுள்ள வெடிப்புகளுமே. பழைய திறந்த கிணறுகள் யாவும் இவ்வடுக்கையே நம்பியிருந்தன.

இக்குறையை ஈடு செய்வதற்காகவே முன்னோர் தொடர் ஏரிகளை அமைத்தனர். பிரிக்கப்படாத கோலார் மாவட்டத்தில் 4,000க்கும் மேற்பட்ட ஏரிகள் இருந்தன. மேல் ஏரி நிரம்பி வழியும் நீர் கீழ் ஏரிக்குச் செல்லும். அவ்வாறே வரிசையாகச் சென்று முடிவில் பாலாறு, பெண்ணையாறு முதலிய ஆறுகளில் சேரும். எனவே, மேட்டு நிலத்தில் தங்கிவிடும் ஒவ்வொரு துளி நீரும் பள்ளத்திலுள்ள ஏரிக்கு வராத நீராகும்.

மேட்டு நிலங்களில் முதன்மைப் பயிர் ராகி எனப்படும் கேழ்வரகு. ஆடியை ஒட்டி விதைத்துக் கார்த்திகையில் அறுவடையாகும் இப்பயிர் நிலத்தில் ஏறக்குறைய 4 மாதமே நிற்கிறது. இடையிடையே அவரை, துவரை, கடுகு முதலியவற்றைச் சால் விட்டு விதைப்பதும் வழக்கம். இதனைக் கன்னடத்தில் அக்கடி என்பர். ஒரே நிலம் வீட்டுக்குத் தானியமும் பருப்பும், மாட்டுக்குத் தாளும், கூலியாட்களுக்குக் களையெடுப்பு, அறுவடை, தாளடிப்பு ஆகிய வேலைகளும் அளித்தது. கேழ்வரகைப் பல ஆண்டுகள் பூச்சி தாக்காமல் சேமிக்கலாம். பஞ்ச காலத்தில் இதுவே குடும்பத்தின் காப்பாக விளங்கியது. கிராமத்துக்குப் பொதுவான மேய்ச்சல் நிலமும் குண்டுத்தோப்பும் ஆடுமாடுகளுக்கும் விறகுக்கும் உதவின.

தைல மரம் வந்த வழி

தைல மரம் ஆஸ்திரேலியாவுக்கு உரியது. 1790ஆம் ஆண்டை ஒட்டித் திப்பு சுல்தான் நந்தி மலையிலுள்ள தமது தோட்டத்தில் இதன் பல இனங்களை நட்டார் எனக் கூறப்படுகிறது. நந்தி மலை 2007ஆம் ஆண்டு வரை கோலார் மாவட்டத்தைச் சேர்ந்தது. பின்னர்ப் புதிய சிக்கபள்ளாப்பூர் மாவட்டத்தில் அடங்கியது. நந்தி மலையில் நின்ற மரங்களின் விதையிலிருந்து பரவிய கலப்பினமே ‘மைசூர்க் கோந்து மரம்’ என்னும் பெயரில் இந்தியா முழுதும் நடப்பட்டது. நீலகிரியில் விறகுக்காக 1843ஆம் ஆண்டு முதல் இம்மரம் வளர்க்கப்பட்டது.

விடுதலைக்குப் பின் காகிதத்துக்கும் மரக்கூழுக்கும் தேவை பெருகியது. ஹரிஹரில் மரக்கூழிலிருந்து செயற்கை இழைக்கான மூலப்பொருள் செய்யும் பெரிய ஆலை 1970களில் இயங்கத் தொடங்கியது. மூங்கில் காடுகள் அருகிவிட்டமையால் ஆலைகள் விரைவில் வளரும் மரத்தை நாடின. 1980களின் தொடக்கத்தில் உலக வங்கியின் கடனுதவியுடன் கர்நாடகத்தில் சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. கிராமத்தாருக்கு விறகும் தீவனமும் கிடைக்கச் செய்தலே அதன் நோக்கமாகச் சொல்லப்பட்டது. ஆயினும் நாற்றங்கால்களில் வளர்க்கப்பட்டு வழங்கப்பட்ட கன்றுகளில் மிகப் பெரும்பான்மை தைல மரமாகவே இருந்தது.

உழவர் ஏன் நட்டனர்?

உழவர்கள் அறியாமையால் இம்மரத்தை நட்டனர் என்று கொள்வது தவறாகும். அவர்கள் கணக்கில் பல நியாயங்கள் இருந்தன. இம்மரத்தின் இலையை ஆடுமாடு தின்பதில்லை. ஆகவே வேலியும் காவலும் வேண்டா. முதலிரு ஆண்டுகள் கடந்தபின் பராமரிப்புச் செலவு ஏறக்குறைய இல்லை. வெட்டிய அடிமரம் மீண்டும் துளிர்ப்பதால், ஒரு முறை நட்டுப் பல முறை வெட்டலாம். மழை பொய்த்த ஆண்டில் கேழ்வரகு கருகும். மரமோ நின்று வளரும். வியாபாரியே நிலத்துக்கு வந்து வெட்டி எடுத்துக்கொண்டு மொத்தமாகப் பணம் கொடுப்பார்.

இந்நியாயங்கள் யாருக்கு மிகவும் பொருந்தின என்பதே கவனிக்கத்தக்கது. பணத்துக்காக 5 அல்லது 6 ஆண்டு காத்திருக்க வல்லவர், வேறு வருவாய் உள்ளவர், நகரத்தில் குடியிருப்பவர் ஆகியோருக்கு இது மிக வசதியான பயிர். 1974ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தத் திருத்தச் சட்டம் குத்தகைதாரருக்கு உரிமை வழங்கியதன் பின், நிலத்தைக் குத்தகைக்கு விட அஞ்சிய உடைமையாளருக்கும் மரம் ஏற்றதாயிற்று. 2 ஏக்கர் நிலமும் அன்றாட உணவுத் தேவையும் உடைய குடும்பத்துக்கு இது அத்துணை வசதியானதன்று. எனினும், பக்கத்து நிலத்தில் மரம் வளர்ந்தபின் அதன் நிழலும் வேரும் வரப்பைக் கடந்து வருவதால், சிறு உழவரும் நாளடைவில் கேழ்வரகைக் கைவிட்டு மரமே நடும் நிலை பல இடங்களில் ஏற்பட்டது.

வேலையும் உணவும்

ஒரு ஏக்கர் கேழ்வரகுக்கு உழவு முதல் தாளடிப்பு வரை பல ஆட்களின் உழைப்பு ஆண்டுதோறும் தேவை. தைலத் தோப்புக்கோ நடும் ஆண்டிலும் வெட்டும் ஆண்டிலும் மட்டுமே ஆள் வேண்டும். வெட்டும் வேலையையும் பெரும்பாலும் வெளியூர்க் கூட்டத்தார் ஒப்பந்தத்தில் செய்து முடிப்பர். ஆகவே, நிலம் கைமாறாமலே, நிலமற்ற கூலியாட்கள், சிறப்பாகக் களையெடுக்கும் பெண்கள், தம் பிழைப்பை இழந்தனர். தோப்பின் கீழே புல் வளர்வது குறைவாதலால் ஆடுமாடு வளர்ப்போருக்கும் நட்டம் நேர்ந்தது.

கோலார் மாவட்டத்தின் சமூகக் காடு வளர்ப்பைப் பற்றி ஜயந்த பந்தோபாத்யாய, வந்தனா சிவா முதலியோர் பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் வாயிலாக 1981ஆம் ஆண்டு ஆய்வறிக்கை வெளியிட்டனர். கேழ்வரகுப் பரப்புக் குறைந்ததற்கும் கூலி வேலை சுருங்கியதற்கும் தைல மரத்தின் பரவலே முக்கியக் காரணம் என்பது அவர்களின் முடிவு. வேறு சிலர் இதனை மறுத்தனர். மழை குறைந்த ஆண்டுகளில் கேழ்வரகுப் பரப்பு இயல்பாகவே சுருங்கும் என்றும், வேலைக்கு ஆள் கிடைக்காமையே மரம் நடுதற்குக் காரணம் என்றும் அவர்கள் வாதித்தனர். இவ்விரு கூற்றுகளும் ஒன்றையொன்று முற்றிலும் விலக்குவன அல்ல. வறட்சி உழவரை மரத்தின்பால் தள்ளுகிறது. ஆனால், நட்ட மரம் நல்ல மழை பெய்த ஆண்டிலும் நிலத்தைவிட்டு அகல்வதில்லை. ஓராண்டுப் பயிரில் தவறினால் மறு ஆண்டு மாற்றலாம். பல்லாண்டுப் பயிரில் அவ்வாறு மாற்ற இயலாது.

நீர்க் கணக்கு

தைல மரம் நிலத்தடி நீரை உறிஞ்சிவிடுகிறது என்பது உழவர்களின் நெடுங்காலக் குற்றச்சாட்டு. இதனைச் சோதிப்பதற்காகப் பிரிட்டனின் நீரியல் கழகத்தைச் சேர்ந்த இயன் கால்டர், கர்நாடக வனத்துறையுடனும் பிற நிறுவனங்களுடனும் சேர்ந்து 1980களின் பிற்பகுதியில் கர்நாடகத்தின் பல இடங்களில் அளவீடுகள் நடத்தினார். அவற்றுள் ஒன்று கோலாருக்கும் பெங்களூருக்கும் இடையிலுள்ள ஹொசகோட்டை. முடிவுகள் 1991ஆம் ஆண்டு பெங்களூரில் கூடிய கருத்தரங்கில் விவாதிக்கப்பட்டன.

அம்முடிவுகளின் சாரம் மூன்று கூறுகளாக அமையும். முதலாவது: வறள் பகுதிகளில் இளந்தைலத் தோப்பு செலவிடும் நீர், அப்பகுதிக்குரிய இயற்கையான இலையுதிர் காடு செலவிடுவதைவிட மிகுதி அன்று, இரண்டும் பெய்யும் மழையில் பெரும்பாலும் முழுவதையும் செலவிட்டுவிடுகின்றன. இரண்டாவது: கேழ்வரகு முதலிய பயிர்களோடு ஒப்பிட்டால், மரம் செலவிடும் நீர் ஏறக்குறைய இரு மடங்கு. மூன்றாவது: முன்பு பயிர் நிலமாயிருந்த ஹொசகோட்டைத் தோப்பில், அளவெடுத்த 3 ஆண்டுகளில் மரங்கள் செலவிட்ட நீர் அக்காலத்தில் பெய்த மழையைவிட மிகுதியாக இருந்தது. வேர்கள் சுமார் 8 மீட்டர் ஆழம் வரை இறங்கி, பல்லாண்டுகளாக மண்ணடியில் சேர்ந்திருந்த ஈரத்தை எடுத்துக்கொண்டதே இதற்குக் காரணம் என விளக்கப்பட்டது.

இதன் பொருள் எளிது. கேழ்வரகின் வேர் ஆழம் செல்வதில்லை. அறுவடைக்குப் பின் ஏறக்குறைய 8 மாதம் நிலத்தில் பயிரின் உறிஞ்சுதலே இல்லை. எனவே, பயிர் எடுத்தது போக மழையின் ஒரு பகுதி கீழே இறங்கும் அல்லது ஏரிக்கு ஓடும். தைல மரமோ ஆண்டு முழுதும் பசுமையாக நின்று நீராவியை வெளிவிடுகிறது. ஒரு ஏக்கர் நிலத்தில் 100 மில்லிமீட்டர் நீர் என்பது சுமார் 4 லட்சம் லிட்டராகும். மரம் கேழ்வரகைவிட 100 மில்லிமீட்டர் நீரை மட்டுமே கூடுதலாகச் செலவிடுகிறது எனக் குறைவாக மதிப்பிட்டாலும், 100 ஏக்கர் தோப்புள்ள கிராமத்தில் ஆண்டுதோறும் 4 கோடி லிட்டர் நீர் கிணற்றுக்கும் ஏரிக்கும் சேராமற் போகும்.

ஆகவே, குற்றம் மரத்தின் இயல்பில் மட்டும் இல்லை. அது நடப்பட்ட இடத்திலும் பரப்பிலும் உள்ளது. ஏரிகளின் நீர்ப்பிடிப்பு நிலத்தில் பெரும்பரப்பில் நடப்பட்டமையே தீங்கு விளைத்தது. கோலாரின் நீர்ப் பஞ்சத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயிரம் அடியையும் தாண்டிய ஆழ்துளைக் கிணறுகள், தூர்ந்துபோன ஏரிகள், அடைபட்ட வரத்துக் கால்வாய்கள், ஆற்று மணல் அள்ளுதல் ஆகியவற்றை மறைத்துவிட்டு எல்லாப் பழியையும் மரத்தின்மேல் சுமத்துதல் விஞ்ஞான நோக்கு ஆகாது.

எதிர்ப்பும் கொள்கை மாற்றமும்

1983ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் தும்கூர் மாவட்ட உழவர்கள் வனத்துறை நாற்றங்காலுக்குள் சென்று தைலக் கன்றுகளைப் பிடுங்கி எறிந்து, அவ்விடத்தில் புளி, மா முதலியவற்றின் விதைகளை ஊன்றினர். 1984ஆம் ஆண்டு அரசும் தனியார் ஆலையும் கூட்டாகத் தொடங்கிய கர்நாடகா பல்ப்வுட்ஸ் நிறுவனத்துக்கு ஏறக்குறைய 30,000 ஹெக்டேர் புறம்போக்கு நிலத்தை ஒப்படைக்கத் திட்டமிடப்பட்டது. ஆடுமாடு மேய்ச்சலுக்கும் விறகுக்கும் மக்கள் நம்பியிருந்த நிலம் அது. இதனை எதிர்த்து எழுத்தாளர் சிவராம காரந்தும் சமாஜ பரிவர்த்தன சமுதாயா என்னும் அமைப்பும் உச்ச நீதிமன்றத்தை நாடினர். 1987ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் தார்வார் மாவட்டம் குஸ்னூரில் மக்கள் கூடித் தைலக் கன்றுகளைப் பிடுங்கிப் பயன்மரக் கன்றுகளை நட்டனர். இறுதியில் 1991ஆம் ஆண்டு அந்நிறுவனம் கலைக்கப்பட்டது.

2017ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் கர்நாடக அரசு புதிதாகத் தைல மரம் நடுதலைத் தடை செய்தது. ஆயினும், நின்ற மரங்களை அகற்றுதல் எளிதாயில்லை. வெட்டினால் மீண்டும் துளிர்க்கும் அடிமரத்தை இயந்திரம் கொண்டு வேரோடு பெயர்க்க வேண்டும். அதற்கான செலவு சிறு உழவரின் சக்திக்கு மீறியது. நிலத்தைத் திரும்பவும் கேழ்வரகுக்குப் பக்குவப்படுத்தத் தொழுவுரம் வேண்டும். மாடு விற்றுவிட்ட வீட்டில் தொழுவுரம் ஏது? நுழைவது எளிது, மீள்வது அரிது என்பதே ஆலைக்கான பல்லாண்டுப் பயிர்களின் பொது இயல்பாகும்.

2018ஆம் ஆண்டு முதல் பெங்களூர் நகரின் கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டுக் கோலார் ஏரிகளுக்குக் குழாய் வழியே அனுப்பப்படுகிறது. இதனால் பல ஏரிகள் நிறைந்தன. கிணறுகளிலும் நீர் ஊறியது. நீரின் தரம் பற்றிய ஐயங்களும் எழுந்தன. மழை நீர் தானாகவே ஓடிவந்து நிறைத்த ஏரிகளுக்கு இப்பொழுது மின்சாரம் செலவிட்டு நீரேற்ற வேண்டியுள்ளது என்பது, நிலப் பயனில் நேரும் மாறுதல்களின் விலையை உணர்த்துகிறது. சாம்பியன் ரீப்ஸ் மக்களுக்கும் இதில் பங்குண்டு. சுரங்கம் மூடியபின் கூலி தேடுவோர் நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூர் சென்று வருகின்றனர். ஆள் வேண்டாத தோப்புகளாக மாறிவிட்ட அண்டைக் கிராமங்களில் அவர்களுக்கு வேலை கிடைக்க வழியில்லை.

எண்ணெய்ப் பனைக்குப் பொருந்தும் பாடம்

இந்தியா தனது சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கும் மேற்பட்டதை இறக்குமதி செய்கிறது. அவ்விறக்குமதியில் பனை எண்ணெய்க்கே முதலிடம். இந்நிலையை மாற்ற 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் 11,040 கோடி ரூபாய் மதிப்பில் தேசிய எண்ணெய்ப் பனை இயக்கம் அங்கீகரிக்கப்பட்டது. 2025-26ஆம் ஆண்டுக்குள் மேலும் 6.5 லட்சம் ஹெக்டேரில் இப்பயிரை நடுவது அதன் குறிக்கோளாக வகுக்கப்பட்டது. ஒரு ஹெக்டேரில் வேறெந்த எண்ணெய் வித்தைவிடவும் மிகுதியாக எண்ணெய் தருவது இதன் சிறப்பு. அதனை மறுப்பதற்கில்லை.

எனினும், தைல மரத்துக்குச் சொன்ன இயல்புகள் பல இதற்கும் உண்டு. நட்டபின் 3 அல்லது 4 ஆண்டு வரை விளைச்சல் இல்லை. பின்னர் 25 ஆண்டுக்கு மேல் நிலம் அதற்கே உரியதாகும். இது மழை மிகுந்த வெப்ப நாடுகளுக்குரிய மரமாதலால், தென்னிந்தியாவில் கோடைக்காலத்தில் மரத்துக்கு நாள்தோறும் 200 லிட்டர் அளவுக்கு நீர் வேண்டும். ஹெக்டேருக்கு 143 மரம் என்னும் கணக்கில் இது நாளொன்றுக்கு 28,000 லிட்டருக்கும் அதிகமாகும். பழக்குலையை வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்த்தல் வேண்டும். தாமதித்தால் எண்ணெயின் தரம் கெடும். ஆகவே உழவர் அருகிலுள்ள ஓர் ஆலையையே சார்ந்திருக்க நேரிடுகிறது. ஆந்திரப் பிரதேசத்தில் 1993ஆம் ஆண்டின் சட்டம் ஒவ்வோர் ஆலைக்கும் தனி வட்டாரம் ஒதுக்க வகை செய்தது. இத்தகைய ஏற்பாட்டில் விலையை நிர்ணயிக்கும் முறை நேர்மையாக அமைவதே உழவருக்குள்ள ஒரே காப்பு.

மலேசியாவின் அனுபவமும் தமிழர்களுக்கு அன்னியமன்று. அங்கு வாணிக நோக்குடன் எண்ணெய்ப் பனை முதன்முதலில் 1917ஆம் ஆண்டு சிலாங்கூரின் தெனமாரம் தோட்டத்தில் நடப்பட்டது. 1960களுக்குப் பின் ரப்பர்த் தோட்டங்கள் பல எண்ணெய்ப் பனைக்கு மாறின. ரப்பர்ப் பால் வெட்ட வேண்டிய அளவுக்குப் பனைக்கு ஆட்கள் தேவைப்படாமையால், தலைமுறை தலைமுறையாகத் தோட்ட லயங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பல வேலையும் வீடும் ஒருங்கே இழந்து நகர்ப்புறக் குடிசைகளுக்குச் சென்றன. பயிர் மாறும்போது உழைப்பின் அளவும் மாறுகிறது என்னும் கோலாரின் பாடமே அங்கும் காணப்படுகிறது.

பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

புதிய பல்லாண்டுப் பயிர் ஒன்றை ஒரு கிராமத்துக்குப் பரிந்துரைக்கும் முன் களப் பணியாளர் ஐந்து வினாக்களுக்கு விடை காணுதல் நலம். அப்பயிர் ஆண்டுக்கு எவ்வளவு நீர் செலவிடும். அந்நீர் இதுவரை எங்குச் சென்றது? விளைச்சல் வரும்வரை குடும்பம் எதை உண்ணும்? முன்னைய பயிரில் எத்தனை நாள் வேலை யாருக்குக் கிடைத்தது. இனி எத்தனை நாள் கிடைக்கும்? விளைபொருளை வாங்குவோர் ஒருவரா, பலரா? பயிரைக் கைவிட விரும்பினால் நிலத்தை மீட்க என்ன செலவாகும்? இவற்றுள் எதற்கேனும் விடை இல்லையெனில், முழு நிலத்திலும் நடாமல் ஒரு பகுதியில் மட்டும் நட்டுப் பார்க்கும்படி உழவருக்குக் கூறுவதே தக்கது. நீர்ப்பிடிப்பு நிலத்தையும் மேய்ச்சல் நிலத்தையும் இத்தகைய பயிருக்கு விடாதிருத்தல் வேண்டும்.

ஆசிரியர்கள் இதனைப் பள்ளிப் பாடமாகவே நடத்தலாம். நேர்ச்சுவரும் தட்டையான அடியும் உடைய ஒரு பாத்திரத்தைத் திறந்த வெளியில் வைத்து, மழை நாள்தோறும் தேங்கும் நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்து மாணவர் குறித்து வரட்டும். ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு ஹெக்டேரில் 10,000 லிட்டராகும் என்பதைக் கொண்டு தம் கிராமத்தில் பெய்த நீரைக் கணக்கிடட்டும். தோப்பை ஒட்டிய கிணறு ஒன்றிலும், கேழ்வரகு நிலத்தை ஒட்டிய கிணறு ஒன்றிலும் மாதம் ஒருமுறை நீர்மட்டத்தைப் பெரியவர் துணையுடன் கயிறு விட்டு அளந்து பதிவேட்டில் எழுதலாம். ஓராண்டு அளவு எதனையும் உறுதியாகக் காட்டாது. ஐந்தாறு ஆண்டு தொடர்ந்தால், பட்டியல் தானே பேசத் தொடங்கும்.

கோலார் உழவர்களில் பலர், கிணறு வற்றிய பின்னரே மரத்தின் நீர்க் கணக்கை அறிந்தனர். அக்கணக்கை நடுவதற்கு முன்னரே அவர்கள் கையில் சேர்ப்பது விஞ்ஞானத்தின் கடமையாகும். அது சேரும் வழி கிராமப் பணியாளரும் பள்ளியுமே.